வலைக்கதவு வாங்கப் போகிறீர்களா? வலையைக் கடைசியில் பாருங்கள்

கடைக்குப் போய் "களவு போகாத மாதிரி நல்ல வலைக்கதவு ஒன்று வேணும்" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் முதலில் வலையைத்தான் காட்டுவார். கையால் குத்துவார், கத்தியால் கீறுவார், "பாத்தீங்களா, ஒண்டும் ஆகல்ல" என்பார். அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் கதவை உடைக்க வருகிறவன் வலையோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்க மாட்டான். பூட்டுப் பக்கத்து இடுக்கில் அலவாங்கை விட்டு ஒரு நெம்பு, அவ்வளவுதான். நம் மலையகத் தோட்டப் பக்கம் எந்த வீட்டுக்குப் பின்னாலும் ஒரு அலவாங்கு சாத்தியிருக்கும் என்பதால் அதை அவன் சுமந்துகொண்டு வரவும் தேவையில்லை. அதனால் கதவுக்கென்று ஒதுக்கிய காசில் பெரும்பங்கு நிலைக்கும் பூட்டுக்கும் பிணைச்சலுக்கும் போகட்டும், மிச்சத்தில் வலையைப் பார்த்துக்கொள்ளலாம்.

குளிர் ஊரில் வலைக்கதவு எதற்கு என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது, அங்கே நுளம்புத் தொல்லை குறைவுதான், சரி. கண்டி, கம்பளை, பதுளைப் பக்கம் அப்படி இல்லை, டெங்கு அங்கெல்லாம் வந்து போகிற விருந்தாளி. நுளம்பை விட்டுவிட்டாலும், மழை மாதங்களில் கதவை அடைத்தே வைத்திருந்தால் விறகடுப்புப் புகை உள்ளேயே சுற்றும், சுவர் பூஞ்சணம் பிடிக்கும், காயப்போட்ட துணியில் ஈர வாடை போகாது. குளவி இருக்கிறது. குரங்கு இருக்கிறது, அதற்கு நைலோன் வலை ஒரு பொருட்டே இல்லை, கிழித்துக்கொண்டு நேராகச் சோற்றுப் பானைக்குப் போகும். எல்லாவற்றையும்விட, பெரியவர்கள் தோட்ட வேலைக்கு மலைக்குப் போன பிறகு வீட்டில் பாட்டியும் பிள்ளைகளும் மட்டும் இருக்கிற பகல் நேரம்: மரக்கதவைத் திறந்து வைத்து வெளிச்சமும் காற்றும் வர விட்டு, வந்தவர் யார் என்று பார்த்துப் பேசிவிட்டு, திறப்பதா வேண்டாமா என்று யோசிக்க இடம் கொடுப்பது இந்த இரண்டாவது கதவுதான்.

வலைக்கதவு என்ற ஒரே பெயரில் மூன்று சாமான் விற்கிறார்கள். முதலாவது வெறும் பூச்சி வலை. மெல்லிய அலுமினியம் சட்டத்தில் நைலோன் அல்லது பைபர்கிளாஸ் வலையை ஒரு ரப்பர் கயிற்றால் பள்ளத்தில் அழுத்தி வைத்திருப்பார்கள். மூலையில் கட்டைவிரலால் தள்ளினால் ரப்பர் வெளியே வந்துவிடும். அது நுளம்புக்கு நல்லது, கள்ளனுக்கு ஒன்றுமே இல்லை. இரண்டாவது வெல்டிங் பாஸ் (ஒட்டு வேலைக்காரர்) அடித்துத் தருகிற இரும்புக் கிரில் கதவு, உள்பக்கம் வலை பிடித்தது. மூன்றாவது தடித்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியில் நெய்த வலையை அலுமினியம் சட்டத்தில் கவ்விப் பிடித்த கதவு. வெளிநாட்டில் பாதுகாப்பு வலைக்கதவு என்று சொல்வது இதைத்தான். ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே ஏஎஸ் 5039 என்று ஒரு தரநிலை இருக்கிறது, கத்தியால் அறுத்து, கனமான மூட்டையால் திரும்பத் திரும்ப இடித்து, நெம்புகோல் போட்டு நெம்பிப் பார்த்துத்தான் கதவைத் தேற விடுவார்கள். கடையில் அந்த இலக்கத்தைச் சொல்லி விற்றால், சோதனைச் சான்றிதழை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். சான்றிதழ் வலைக்கு மட்டுமா, பூட்டும் பிணைச்சலும் சேர்ந்த முழுக் கதவுக்கா என்பதையும் பாருங்கள். வலையைக் கொண்டுவந்து இங்கே ஏதோ ஒரு சட்டத்தில் போட்டால் அந்தச் சான்றிதழுக்கும் உங்கள் கதவுக்கும் சம்பந்தம் இல்லை.

என்னைக் கேட்டால், நம் பக்கத்து வீடுகளில் முக்கால்வாசிக்கு இரண்டாவதுதான் சரி. ஒழுங்காக அடித்த கிரில் கதவு பலமானது, எங்காவது ஒட்டு விட்டால் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ எந்த வெல்டிங் கடையிலும் ஒட்டிக்கொள்ளலாம், வலை கிழிந்தால் வலையை மட்டும் மாற்றலாம். மூன்றாவது பார்க்க அழகு, கம்பி மறைக்காமல் வெளியே தெளிவாகத் தெரியும், ஆனால் விலையும் அதற்கேற்ற மாதிரி, பழுது வந்தால் கொழும்புக்குத் தொலைபேசி எடுக்க வேண்டி வரும்.

இப்போது சுவர். எந்தக் கதவாக இருந்தாலும் அது தொங்குவது நிலையில், நிலை நிற்பது சுவரில். புதிதாகக் கட்டும் வீடுகளில் பெரும்பாலும் சீமெந்துக் கல் சுவர், அதில் நிறைய உள்ளே பொந்தான கல். பொந்துக் கல்லில் சின்னப் பிளக் அடித்து ஆணி முறுக்கினால் பிடிப்பது மெல்லிய ஓடு மட்டும், நாலு தரம் கதவை அடித்துச் சாத்தினாலே ஆடத் தொடங்கும். நிலை வருகிற இடத்துக் கல்லின் பொந்துகளைக் கொங்கிறீட் போட்டு நிரப்பச் சொல்லுங்கள், கட்டும்போதே சொன்னால் செலவு ஒன்றும் பெரிதில்லை. ஏற்கனவே கட்டிய வீடென்றால் இரும்பு நிலைக்குப் பின்னால் கொக்கி மாதிரி வளைத்த பட்டைகளை ஒட்டி, சுவரைக் கொத்தி அவற்றைச் சீமெந்தில் புதைக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று பட்டையாவது வேண்டும், அதில் ஒன்று பூட்டு வருகிற உயரத்துக்குக் கிட்ட. பழைய லயத்துக் (தோட்டத்து வரிசை வீடுகள்) கருங்கல் சுவரில் கல்லுக்கு நடுவே இருப்பது பழைய சுண்ணாம்புச் சாந்தோ வெறும் மண்ணோதான், சாந்தில் துளை போட்டுப் பயனில்லை, கல்லில் போட வேண்டும். துளைக்கும்போது தூள் வருவதைப் பாருங்கள்: சாம்பல் நிறத்தில் மெதுவாக வந்தால் கல், மண்ணிறத்தில் பொலபொலவென்று கொட்டினால் இடத்தை மாற்றுங்கள்.

மரநிலை இருக்கிற வீட்டில் அதன் மேலேயே வலைக்கதவை மாட்டுவது வழக்கம். முதலில் ஒரு பழைய ஸ்குரூ டிரைவரால் நிலையின் அடிப்பகுதியை, தரையிலிருந்து ஒரு சாண் வரைக்கும், குத்திப் பாருங்கள். மழைத் தண்ணீர் தெறித்துத் தெறித்து உக்கிப்போவது அங்கேதான். முனை வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கினால் அந்த நிலையில் எந்தக் கதவையும் மாட்டாதீர்கள், நிலையை மாற்றிவிட்டு அப்புறம் கதவைப் பற்றிப் பேசலாம்.

பூட்டு விஷயத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் ஊர் கிரில் கதவுகளில் அடிக்கடி பார்க்கிற காட்சி: கம்பிக்குக் கம்பி நாலு அங்குல இடைவெளி, அதற்கு நேர் பின்னால் தாழ்ப்பாள். வெளியே நின்றுகொண்டே கையை உள்ளே விட்டு இழுத்துவிடலாம், பூட்டு எதற்கு? பூட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு முழத்துக்குக் கை நுழையாதபடி தகடு ஒட்ட வேண்டும், 1.5 மி.மீ. தகடு போதும், கம்பியோடு நாலு பக்கமும் வெல்ட் வைத்து. மூலைக்கு ஒரு புள்ளி வைத்து விட்டுவிடுவார்கள், நின்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது இடுக்கு. கதவை மூடிய பிறகு பூட்டுப் பக்கம் கதவுக்கும் நிலைக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிற கோடுதான் அலவாங்கு நுழைகிற இடம். அந்தக் கோட்டை மறைக்கிற மாதிரி கதவின் வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு பட்டை இரும்பு ஒட்டினால் முனை நுழைய இடமே இருக்காது. பாஸுக்கு அரை மணி நேர வேலை, கேட்டால்தான் செய்வார்.

நடுவில் ஒரே ஒரு நாக்கு உள்ள பூட்டென்றால் கதவின் மேல் மூலையையும் கீழ் மூலையையும் வளைத்து இழுக்கலாம். கைப்பிடியைத் திருப்பும்போது மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று இடத்தில் பிடிக்கிற பூட்டு கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நடுப்பூட்டோடு மேலும் கீழும் ஒவ்வொரு தடித்த தாழ்ப்பாள். ஆமைப்பூட்டுத்தான் போடப் போகிறீர்கள் என்றால் பூட்டைவிட அது தொங்குகிற கொண்டியைப் பாருங்கள், ஸ்குரூவில் நிற்கிற கொண்டியை ஒரே நெம்பில் பெயர்த்து எடுத்துவிடலாம். வெல்ட் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தலை உருண்ட போல்ட் போட்டு உள்பக்கம் நட் முறுக்கியிருக்க வேண்டும். பித்தளை உடம்புள்ள ஆமைப்பூட்டு நம் பனிக்குத் தாக்குப்பிடிக்கும், மலிவு இரும்புப் பூட்டு ஒரு மழைக்காலம் போனதும் சாவியோடு சண்டை பிடிக்கத் தொடங்கும்.

இதிலே நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்கிற ஒரு விஷயம் இருக்கிறது. உள்ளே இருக்கிறவர் இருட்டில், சாவி தேடாமல், ஒரு கையால் திறக்க முடிய வேண்டும். மின்னொழுக்கால் லயத்தில் தீப்பிடித்து ஒரு வரிசையே எரிந்துபோன செய்தி நமக்குப் புதிதில்லை, ஒரே கூரை என்பதால் அடுத்த காம்பராவுக்குப் போக நெருப்புக்கு நேரமே எடுக்காது. 2014 இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தை மூடிய மண்சரிவுக்குப் பிறகு, மழை கொட்டுகிற நேரம் வீட்டை விட்டு எழும்பி ஓடுவது என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதும் இல்லை. இரவில் உள்ளே ஆமைப்பூட்டைப் போட்டுச் சாவியை அலுமாரியில் வைத்துவிட்டுத் தூங்குகிற வீடு கள்ளனிடமிருந்து தப்பும், நெருப்பிடமிருந்து தப்பாது. உள்பக்கம் விரலால் திருப்புகிற குமிழ் உள்ள பூட்டு, அதைச் சுற்றி நான் மேலே சொன்ன தகடு, இரண்டும் சேர்ந்தால் வெளியிலிருந்து கை எட்டாது, உள்ளே இருக்கிறவருக்குச் சாவி வேண்டாம். சாவிப் பூட்டுத்தான் இருக்கிறதென்றால் சாவியைக் கதவிலிருந்து கை நீட்டினாலும் எட்டாத, ஆனால் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே ஆணியில் தொங்க விடுங்கள். பிள்ளைக்குத் திறக்கத் தெரிகிறதா என்று விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இரட்டை லயத்தில் இருக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டியதால் அங்கே பின்கதவே கிடையாது, முன்கதவு ஒன்றுதான் வழி. அங்கே ஜன்னலுக்கும் கம்பி அடித்து, கதவுக்கும் கிரில் போட்டு, இரண்டையும் பூட்டிவிட்டால் தப்பிக்க ஒரு இடமும் இல்லை. ஒரு ஜன்னல் கிரிலையாவது உள்பக்கம் கொண்டி போட்டுத் திறக்கிற மாதிரி அடிக்கச் சொல்லுங்கள். அப்புறம், லயம் தோட்டத்துச் சொத்தாக இருக்கிறவரைக்கும் சுவரைக் கொத்துகிற வேலைக்குத் தோட்ட நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது. நிலையோடு போல்டில் மாட்டுகிற மாதிரி கதவை அடித்துக்கொண்டால், நாளைக்குச் சொந்தக் காணியில் வீடு கட்டிப் போகும்போது கழற்றிக்கொண்டும் போகலாம். சிலர் கதவை விட்டுவிட்டு இஸ்தோப்பையே, அதாவது முன் திண்ணையையே, முழுசாகக் கிரிலால் அடைத்துவிடுகிறார்கள். நாய் வளர்க்கிற வீடென்றால் அதில் ஒரு நன்மை இருக்கிறது, இரவில் சிறுத்தை வருகிற பக்கங்களில் நாய் உள்ளே பத்திரமாகப் படுக்கும். ஆனால் அப்போதும் வழி ஒன்றுதான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மரக்கதவு உள்பக்கம் திறக்கும் என்பதால் வலைக்கதவு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டி வரும். அப்படியானால் பிணைச்சல் வெளியே தெரியும், அதன் ஊசியைத் தட்டிக் கழற்றினால் பூட்டிய கதவு பூட்டியபடியே கையோடு வந்துவிடும். ஊசியின் இரண்டு முனையையும் வெல்ட் வைத்து அடைக்கலாம். அதைவிட நல்லது, பிணைச்சல் பக்கத்தில் இரண்டு இடத்தில் அரை அங்குலக் கம்பித் துண்டு ஒட்டி, கதவு மூடும்போது அது நிலையிலுள்ள துளைக்குள் போய் உட்காருகிற மாதிரி செய்வது: ஊசியை எடுத்தாலும் கதவு அசையாது. பிணைச்சல் மூன்று வேண்டும், இரண்டு போதாது. வெளிப்பக்கம் திறக்கிற கதவைக் காற்று பிடித்து அடிக்கும், ஆடி மாதத்து மேல் காற்றில் தலவாக்கலைப் பக்கத்து வீடுகளில் கதவு சுவரில் மோதுகிற சத்தத்தை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திறந்து வைக்கும்போது மாட்ட ஒரு கொளுக்கியும், மோதுகிற இடத்தில் ஒரு ரப்பர் கட்டையும் வையுங்கள்.

இரும்பு வாங்கும்போது தடிப்பைக் கண்ணால் கணக்கிட முடியாது. ஒரு அங்குல பாக்ஸ் பார் (உள்ளே பொந்தான சதுர இரும்புக் குழாய்) 1.2 மி.மீ. என்றும் 1.6 மி.மீ. என்றும் சொல்வார்கள், பெயின்ட் அடித்த பிறகு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். தராசில் வைத்தால் தெரியும். 20 அடி நீளம் ஒன்று 1.2 என்றால் ஐந்தரைக் கிலோ அளவில் இருக்கும், 1.6 என்றால் ஏழு கிலோ. நாலரைக் கிலோ காட்டினால் அது தடித்தது என்று சொன்னவரைக் கொஞ்சம் பாருங்கள். சட்டத்துக்கு 1.6 க்குக் குறைய வேண்டாம். நடுக் கம்பிகளுக்கு 10 அல்லது 12 மி.மீ. நிறைகம்பி, இடைவெளி நாலு அங்குலத்துக்குக் கூடாமல். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் தலை மாட்டாமல் இருக்க அதற்கும் குறைவாக வையுங்கள். படுக்கைக் கம்பிகள் அதிகமானால் பிள்ளைகளுக்கு அது ஏணி, நெட்டாகப் போடுவது நல்லது.

கடல் உப்பு இல்லாததால் நமக்குத் துரு இல்லை என்று நினைக்க வேண்டாம். பனியும் தூறலும் நாள் முழுக்க இரும்பை ஈரமாகவே வைத்திருக்கும், துருவுக்கு அது போதும். பாக்ஸ் பார் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே. வெட்டிய முனைகளை எல்லாம் தகடு வைத்து அடைக்க வேண்டும், கீழ்ச் சட்டத்தின் அடியில் தண்ணீர் வடிய இரண்டு சின்னத் துளை போட வேண்டும். நாகம் பூசிய ஜீஐ பாக்ஸ் பார் வாங்கினாலும் வெல்ட் வைத்த இடத்தில் நாகப்பூச்சு எரிந்துபோயிருக்கும், அந்த இடங்களைத் தேய்த்துச் சுத்தம் செய்து துருத்தடுப்புப் பூச்சு அடித்த பிறகுதான் மேல் பெயின்ட். பெயின்ட் வேலைக்குக் காலம் பாருங்கள்: ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தை முதல் பங்குனி வரைக்கும் காய்ந்த காலம், பதுளை, பண்டாரவளைப் பக்கம் அது ஆனி, ஆடி, கச்சான் காற்று அடிக்கிற மாதங்கள். மூடுபனியில் அடித்த பெயின்ட் அடுத்த வருடம் தோலாக உரியும்.

கடைசியாக வலை. கிரிலுக்குப் பின்னால் போடுகிற பூச்சி வலை என்றால் மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை எடுங்கள், நைலோன் வேண்டாம், அடுப்புப் பக்கம் என்றால் நைலோன் வேண்டவே வேண்டாம். வலையைக் கதவோடு ஒட்டிவிடாமல் தனிச் சட்டத்தில் போட்டு உள்பக்கம் ஸ்குரூவில் பிடித்தால் கழற்றிக் கழுவலாம், புகைப் பிசின் படிந்தால் சவர்க்காரத் தண்ணீர் போதும். பாதுகாப்பு வலைக் கதவு எடுப்பவர்கள் கேட்க வேண்டியது கம்பித் தடிப்பு: 0.8 அல்லது 0.9 மி.மீ. இருக்க வேண்டும், அங்குலத்துக்கு 11 கம்பி. 304 தரமா 316 தரமா என்று கேட்பார்கள். 316 இல் மொலிப்டினம் சேர்ந்திருக்கிறது, அது உப்புக் காற்றுக்கானது, கடலோரக் காலி நகரில் வீடு இருந்தால் வாங்கலாம். நமக்கு 304 போதும், அந்தக் காசை மூன்று இடத்தில் பிடிக்கிற பூட்டில் போடுங்கள். அலுமினியம் சட்டமும் ஸ்டெயின்லெஸ் வலையும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால் அலுமினியம் அரிக்கும், நடுவே ரப்பரோ பிளாஸ்டிக் பட்டியோ இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, ஸ்டெயின்லெஸ் வலைக்குப் பக்கத்தில் யாரும் இரும்பைக் கிரைண்டரில் தேய்க்க விடாதீர்கள். பறக்கிற இரும்புத் தூள் வலையில் ஒட்டி இரண்டு கிழமையில் புள்ளி புள்ளியாகத் துருவாகும், பிறகு வலை போலி என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவோம்.

அடியில் விடுகிற இடைவெளிக்கு ஒரு சொல். பாம்பு, எலிக்கெல்லாம் அரை அங்குலம் தாராளமான வாசல், ஆகவே கீழ்ச் சட்டத்தில் ரப்பர் பட்டியோ தூரிகைப் பட்டியோ வேண்டும். அட்டைக்கு அதுவும் தடை இல்லை, அதற்கு உப்புத்தான். ஆனால் கதவை நிலைக்குள் இறுக்கமாக அடித்துவிடவும் கூடாது. சரிவில் வெட்டிக் கட்டிய வீடு ஒரு மழைக்காலம் போனதும் கொஞ்சம் அமரும், நிலை கோணும், கதவு உரசும், நாளாக நாளாகத் திறக்கவே பலம் வேண்டிவரும். சுற்றி 3 மி.மீ. விட்டு அடித்து, பிணைச்சலை ஏற்றி இறக்கக்கூடிய வகையில் போல்டில் மாட்டினால் பிறகு ஸ்பானர் போட்டுச் சரிக்கட்டலாம். கதவு திடீரென்று ஒரு மூலையில் சிக்கத் தொடங்கினால் சுவரில் புது வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் நிலமே நகர்கிறதோ என்னவோ, அப்போது கூப்பிட வேண்டியது வெல்டிங் பாஸை அல்ல, கிராம சேவகரை.

விலை பேசும்போது சதுர அடிக் கணக்கில் ஒரு தொகை சொல்வார்கள். அதில் பூட்டு, பிணைச்சல், நிலை, பூச்சு, கொண்டுவந்து மாட்டுகிற கூலி எல்லாம் அடக்கமா என்று கேட்டு, இரும்பின் தடிப்பையும் சேர்த்து ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தெரிந்த அண்ணன்தானே என்று விடவேண்டாம், எழுதிக் கேட்டால் கோபிக்கிற பாஸ் அரிது. முற்பணமாகப் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். மாட்டி முடித்த அன்றே, பெயின்ட் காயுமுன், அவர் நிற்கும்போதே கதவைப் பூட்டிவிட்டு வெளியே வந்து பூட்டுப் பக்கத்து மேல் மூலையை இரண்டு கையாலும் பிடித்து இழுங்கள், பிறகு கீழ் மூலையை. ஆட்டம் தெரிந்தால் மிச்சக் காசு சட்டைப்பையிலேயே இருக்கட்டும், இன்னொரு வெல்ட் வைக்கச் சொல்லலாம்.